மணிலாவின் தள்ளுவண்டிகளும் நம் நோயாளிகளும்

சில ஆண்டுகளுக்கு முன்புவரை எங்கள் இரைப்பை, குடல், கல்லீரல் நோய்ப் பிரிவின் புறநோயாளர் அறையில் உணவு குறித்துக் கேட்கப்பட்ட வினாக்கள் ஏறக்குறைய ஒரே வட்டத்திற்குள் இருந்தன. கருவாடு சேர்க்கலாமா, பழைய சோறு ஆகுமா, திருமண வீட்டில் ஒரு வேளை மட்டும் விருந்து உண்டால் குற்றமா என்பனவே அவை. அண்மைக் காலத்தில் நாங்கள் எதிர்பாராத பெயர்கள் அவ்வரிசையில் வந்து சேர்ந்துள்ளன. பிலிப்பைன்ஸ் நாட்டின் தாவோ நகரில் மருத்துவம் பயிலும் மகளைக் காணச் செல்லவிருப்பவர் ‘பலூட்’ முட்டையைப் பற்றிக் கேட்கிறார். பிலிப்பினோ மாலுமிகளுடன் ஒரே கப்பலில் பணியாற்றித் திரும்பிய இளைஞர், யூரிக் அமிலம் ஏறி வீங்கிய கால் கட்டைவிரலுடன் வந்து, ‘சிசிக்’ என்பதன் பெருமையை எங்களுக்கு எடுத்துரைக்கிறார். உப்பும் எண்ணெயும் விலக்கப்பட்டுப் படுக்கையில் இருப்போரோ, உறக்கம் வராத இரவுகளில், மணிலாவின் தள்ளுவண்டியில் மீன் உருண்டைகள் பொரிவதைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருக்கின்றனர்.

இவ்வுணவுகள் யாவை, அவை ஏன் இத்துணைப் புகழ் பெற்றன, நோயுற்றோர் அவற்றை எவ்வாறு அணுக வேண்டும் என்பதை இவ்விதழில் சற்று விரிவாகவே எழுத முற்பட்டோம். ‘உண்ண வேண்டா’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவது எங்களுக்கு எளிது. அச்சொல்லைக் கேட்டுத் தலையசைத்தவர் வாயிலைத் தாண்டியதும் என்ன செய்கிறார் என்பதையும் நாங்கள் அறிவோம்.

முதலில் புகழின் கதை. பிலிப்பைன்ஸ் மக்களுள் ஏறத்தாழ 1 கோடிப் பேர் தாயகத்திற்கு வெளியே வாழ்கின்றனர். செவிலியராகவும் மாலுமிகளாகவும் வீட்டுப் பணியாளர்களாகவும் சென்ற அவர்கள் தம் உணவையும் உடன் கொண்டு சென்றனர். சிங்கப்பூரின் ஆர்ச்சர்ட் சாலையில் உள்ள லக்கி பிளாசாவில் ஞாயிற்றுக்கிழமை நடந்து பார்த்தவர்கள் இதைக் கண்கூடாக அறிவர். வளைகுடா நாடுகளில் நம்மவர் பலரும் இவ்வுணவின் சுவையை முதலில் கண்டது பிலிப்பினோ நண்பர்களின் மதிய உணவுப் பெட்டியில்தான். 2019-இல் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் ஆசியத் தெருவோர உணவைப் பற்றி வெளியிட்ட தொடரில் ஒரு பகுதி செபு நகருக்கென்றே ஒதுக்கப்பட்டது. 2025-இல் மிஷெலின் வழிகாட்டி நூல் மணிலாவையும் செபுவையும் முதன்முறையாகத் தன் பட்டியலில் சேர்த்தது. இவற்றுக்கெல்லாம் மேலாக, கைப்பேசிக் காணொளிகள் இருக்கின்றன. புகையும் தீயும் பொரியும் ஓசையும் அச்சிறு திரைக்கென்றே பிறந்தவைபோல் பொருந்திவிட்டன.

ஆயினும் இவ்வுணவுகள் புகழுக்காகப் பிறந்தவை அல்ல. சிசிக்கை எடுத்துக்கொள்வோம். 1732-இல் வெளிவந்த பெர்கான்யோ பாதிரியாரின் கபம்பங்கன் அகராதியிலேயே அச்சொல் இடம்பெற்றுள்ளது. அன்று அது புளிப்பிட்ட காய்க் கலவையைக் குறித்தது. இன்று நாம் அறியும் சிசிக், பம்பாங்கா மாநிலத்தின் ஆஞ்சலஸ் நகரில், இரயில் பாதையருகே கடை நடத்திய லூசியா குனானன் என்னும் பெண்மணியின் கையால் 1970-களில் உருப்பெற்றது. அருகிலிருந்த கிளார்க் அமெரிக்க விமானப்படைத் தளத்தில் பன்றித் தலைகள் தேவையற்றவையாகக் கருதப்பட்டதால் மலிவாகக் கிடைத்தன. அவற்றின் காதும் கன்னமும் வேகவைக்கப்பட்டு, சுடப்பட்டு, பொடியாக நறுக்கப்பட்டு, வெங்காயமும் மிளகாயும் புளிப்பும் சேர்ந்து இரும்புத் தட்டில் ஏறின. பிறர் வேண்டாமென ஒதுக்கியதிலிருந்து ஒரு நாட்டின் அடையாள உணவு தோன்றிவிட்டது.

கம்பிலோ குச்சியிலோ கோத்துச் சுடப்படும் உறுப்புகளின் கதையும் இதுவே. கோழிக் குடலும் பன்றிக் குடலும் ‘இசாவ்’. கோழிக்காலுக்கு ‘அடிடாஸ்’ என்று பெயர். முன்விரல்கள் மூன்றும் அந்நிறுவனத்தின் மூன்று கோடுகளை நினைவூட்டியதாம். கட்டியாக உறைந்து சதுரமாக வெட்டப்பட்ட இரத்தத்திற்குப் பெயர் ‘பீட்டாமேக்ஸ்’, பழைய காணொளி நாடாப் பெட்டியின் வடிவால். கோழித்தலை ‘ஹெல்மெட்’, பன்றிக்காது ‘வாக்மேன்’. வறுமையை இவ்வளவு நகைச்சுவையுடன் பெயரிட்டு உண்ட மக்களை எண்ணும்போது எங்களுக்கு வியப்பே மேலிடுகிறது. ஆட்டுக்குடலும் இரத்தப் பொரியலும் உண்டு வளர்ந்த நம் ஊர்களுக்கு இதில் அருவருப்புக் கொள்ள ஒன்றுமில்லை.

எல்லாமே இறைச்சி அன்று. காலையில் தோளில் தண்டு தாங்கி, இரு புறமும் அலுமினிய வாளிகளைத் தொங்கவிட்டு, தெருவெங்கும் நீட்டிக் கூவி வருபவர் ‘தாஹோ’ விற்பவர். ஒரு வாளியில் வெதுவெதுப்பான மென்மையான சோயாத் தயிர், மற்றதில் வெல்லப்பாகும் ஜவ்வரிசி முத்துகளும் இருக்கும். நம் மொந்தனை ஒத்த ‘சபா’ வாழையைப் பழுப்புச் சர்க்கரையில் பொரித்துக் குச்சியில் செருகினால் ‘பனானா க்யூ’. காடை முட்டையைச் செம்மஞ்சள் மாவில் தோய்த்துப் பொரித்தால் ‘க்வெக் க்வெக்’. கிறித்துமசுக்கு முந்தைய ஒன்பது விடியற்காலைத் திருப்பலிகளின்போது தேவாலய வாயிலில் மூங்கில் குழாயில் அவித்து விற்கப்படும் ஊதா நிற அரிசிப் பண்டம் ‘புத்தோ பும்போங்’. தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் தூவி உண்ணப்படும் இதன் படத்தைக் காட்டியவுடன் எங்கள் செவிலியர் ஒருவர் “இது குழாய்ப் புட்டு அல்லவா?” என்றார். பெயரும் முறையும் அத்துணை நெருக்கம்.

இன்னும் ஓர் உறவும் உண்டு. 1762 முதல் 1764 வரை மணிலா ஆங்கிலேயர் வசம் இருந்தது. அதைக் கைப்பற்றச் சென்ற படை புறப்பட்ட துறை சென்னைப் பட்டினம். அப்படையில் சென்ற நம் சிப்பாய்களுள் சிலர் திரும்பாமல் மணிலாவை அடுத்த கைந்தா ஊரிலேயே குடியமர்ந்தனர். நிலக்கடலைக் குழம்பில் மாட்டுவால் வேகும் ‘கரே கரே’ அவர்களின் கறி நினைவிலிருந்து பிறந்தது என்று ஒரு வழக்கு அங்கே நிலவுகிறது. அதை உறுதியான வரலாறாகக் கொள்ள இயலாவிடினும், சிப்பாய்கள் குடியேறியது மெய்.

நோயாளிகளின் குடும்பத்தார் மனத்தில் கொள்ள வேண்டிய பெயர் ஒன்று உண்டு. அது ‘லுகாவ்’. இஞ்சி மணக்கும் அரிசிக் கஞ்சி. கோழி சேர்ந்தால் ‘அரோஸ் கால்தோ’, மாட்டுக் குடல் சேர்ந்தால் ‘கோத்தோ’. தெருமுனைக் கடைகளில் நாள் முழுவதும் கொதித்துக்கொண்டிருக்கும். காய்ச்சல் கண்டவருக்கு அந்நாட்டுத் தாய்மார் முதலில் தருவதும் அதையே. 2021 மார்ச் இறுதியில், கொரோனா ஊரடங்கின்போது, புலாக்கான் மாநிலத்தில் லுகாவ் கொண்டு சென்ற ஒருவரைத் தடுத்த உள்ளூர்ப் பணியாளர் ‘இஃது இன்றியமையாப் பொருள் அன்று’ என்றார். காணொளி பரவியது, நாடே கொதித்தது, லுகாவ் இன்றியமையாததே என்று குடியரசுத் தலைவர் மாளிகையின் செய்தித் தொடர்பாளர் விளக்கம் அளிக்க நேர்ந்தது. கஞ்சியின் மதிப்பை இதைவிட உயர்ந்த இடத்தில் எவரும் நிலைநாட்டியதில்லை. மருத்துவமனைக் கஞ்சியைக் கண்டு முகம் சுளிப்போருக்கு இந்நிகழ்ச்சியை நாங்கள் அவ்வப்போது கூறுவதுண்டு.

இனி எங்கள் துறைக்கு வருவோம். தெருவோர உணவில் அச்சம் எங்கே இருக்கிறது? பலரும் காண்பதற்கு விந்தையாக உள்ளதையே அஞ்சுகின்றனர். குடலையும் இரத்தக்கட்டியையும் கண்டு பின்வாங்கிவிட்டு, அருகில் விற்கும் பனிக்கட்டி மிதக்கும் பானத்தை ஒரே மூச்சில் பருகிவிடுகின்றனர். உண்மை பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. கண்முன் நெருப்பில் முழுமையாக வெந்து, சூடு ஆறாமல் கைக்கு வரும் பொருளில் கிருமிகள் பிழைப்பது அரிது. தீயைக் காணாத பொருள்களே இடர் தருபவை: நீர், பனிக்கட்டி, வெட்டி வைத்த பழம், காலையில் செய்து மாலைவரை ஆறிக் கிடந்த பண்டம், பலர் கை பட்ட சட்னி.

மீன் உருண்டை வண்டியை உற்று நோக்கினால் இது விளங்கும். உருண்டைகள் கொதிக்கும் எண்ணெயில் பொரிகின்றன; அதில் குறையில்லை. வண்டியின் முன்புறம் இனிப்புக் குழம்பும் காரப் புளிக்காடியும் நிறைந்த சாடிகள் உள்ளன. பழைய வழக்கப்படி, வருவோர் யாவரும் தம் குச்சியை அதே சாடியில் தோய்ப்பர். ஒருமுறை கடித்த உருண்டையை மறுபடியும் தோய்ப்போரும் உண்டு. மஞ்சட்காமாலை ஏ நுண்மி பரவுவதற்கு இதனினும் ஏற்ற வழியை நாங்கள் வகுக்க முயன்றாலும் முடியாது. இப்போது பல வண்டிகளில் சிறு கோப்பையில் குழம்பைத் தனியே ஊற்றித் தருகின்றனர். அந்நாட்டில் உணவு கையாளுவோர் நலச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்பது 1975-ஆம் ஆண்டுச் சுகாதார ஆணை. 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் தெருவோர விற்பனையையும் உள்ளாட்சிகளின் பொறுப்பில் வைத்தது. சட்டம் ஒவ்வொரு வண்டியையும் எட்டுவதில்லை என்பதை நம் ஊரை அறிந்தோருக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. தனிக்கோப்பை தரும் வண்டியாகப் பார்த்து நிற்பது உண்பவர் கையில் உள்ளது.

புளிக்காடி கிருமியைக் கொன்றுவிடும் என்ற நம்பிக்கை அங்கும் உண்டு, இங்கும் உண்டு. குறைக்கும், கொல்லும் என்று நம்பியிருக்கலாகாது. பச்சை மீனைப் புளிக்காடியில் ஊறவைத்து உண்ணும் ‘கினிலாவ்’ உடல் நலமுள்ளோருக்குச் சுவையான உணவாக இருக்கலாம். கல்லீரல் சுருக்க நோய் உடையோர் அதையும் பச்சைச் சிப்பியையும் தொடவே கூடாது. கடல்நீரில் வாழும் ‘விப்ரியோ வல்னிஃபிகஸ்’ என்னும் நுண்ணுயிர் கல்லீரல் பழுதுற்றவரின் குருதியில் புகுந்தால் ஓரிரு நாளில் உயிரைப் பறிக்க வல்லது. பச்சை நன்னீர் மீனுக்கு மற்றொரு கதை உண்டு. 1960-களின் பிற்பகுதியில் வட லூசோனில் ஆயிரத்திற்கும் மேற்பட்டோரை ஓயாத வயிற்றுப்போக்கால் எலும்பும் தோலுமாக்கிய ஒரு புழுவுக்கு அந்நாட்டின் பெயரையே இட்டு, ‘கேபில்லேரியா பிலிப்பினென்சிஸ்’ என்று வழங்குகிறோம். வேகாத சிறுமீன்களே அதன் வழி. உரிய காலத்தில் கண்டறிந்தால் எளிய புழுக்கொல்லி மருந்தால் குணமாகும். இந்தியாவிலும் இந்நோய் கண்டறியப்பட்டிருக்கிறது.

அதே நாட்டுக்கு நாம் பட்டுள்ள கடன் ஒன்றும் உண்டு; அதைச் சொல்லாமல் மேலே செல்வது முறையாகாது. 1961-இல் எல் டோர் வகைக் காலரா இந்தோனேசியாவிலிருந்து பிலிப்பைன்சை அடைந்தது. மறு ஆண்டில் மணிலாவில் காலரா நோயாளிகளுக்குச் சிகிச்சையளித்த அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ராபர்ட் பிலிப்ஸ், வாய்வழி தரும் உப்பு நீரில் குளுக்கோசு சேரும்போது குடல் அவ்வுப்பை ஈர்த்துக்கொள்வதைக் கண்டார். அன்றைய முயற்சி முழு வெற்றி பெறவில்லை. அளவுகள் சரியாக அமையாமல் துயரிலும் முடிந்தது. பின்னர் டாக்காவிலும் கல்கத்தாவிலும் உழைத்தோர் அதைச் செம்மைப்படுத்தினர். 1971-இல் வங்க ஏதிலியர் முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் அதைப் பல்லாயிரவருக்கு அளித்து உயிர் காத்தார். மருந்தகத்தில் நீங்கள் வாங்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் கதையில் மணிலாவுக்கும் பங்குண்டு. பயணப்பையில் நான்கு பொட்டலங்கள் எப்போதும் இருக்கட்டும். ஒன்றை ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் கரைக்க வேண்டும். பொட்டலம் கிடைக்காவிடில் ஒரு லிட்டர் நீருக்கு மட்டமான 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். உப்பு மிகுதல் ஆகாது.

மேலே குறிப்பிட்ட தந்தை கல்லீரல் மாற்று அறுவை செய்துகொண்டு இரண்டு ஆண்டுகள் நிறைந்தவர். மகளின் பட்டமளிப்புக்குச் செல்ல இசைவு கேட்டு வந்தபோது அவர் கூறியது எங்கள் நினைவில் நிற்கிறது. “என் அறுவைச் செலவுக்கிடையேயும் அவள் படிப்பை நிறுத்தவில்லை ஐயா. அவள் எதைத் தின்று அங்கே நாள் கழித்தாளோ, அதை ஒரு தடவையாவது அவளோடு நின்று தின்ன வேண்டும்.” மனைவியோ, “வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள் டாக்டர்” என்று கண்ணாலேயே கெஞ்சினார். இருவர் வேண்டுகோளிலும் நியாயம் இருந்தது.

நோயெதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உண்பவருக்கு எவ்விதியும் இருமடங்கு பொருந்தும். எனினும் தடை மட்டும் எழுதித் தர எங்களுக்கு மனம் வரவில்லை. உணவியலாளருடன் அமர்ந்து ஒரு தாள் தயாரித்தோம். கண்முன் முழுதும் வெந்து கரி மணக்க எடுத்த கோழித்துண்டு உண்ணலாம். குழம்பில் தோய்க்காமல், எலுமிச்சையை மகளே பிழிந்து தரட்டும். ஆவி பறக்கும் லுகாவ் உண்ணலாம். எண்ணெயிலிருந்து அப்போதே எடுத்த பனானா க்யூவில் பாதி போதும், ஏனெனில் அவருடைய மருந்தே சர்க்கரையை ஏற்றுவது. பலூட் வேண்டா. ஏறத்தாழ 16 முதல் 18 நாள் அடைகாத்துக் கருவளர்ந்த வாத்து முட்டை அது. நன்கு வெந்தால் பெரும்பாலோருக்குத் தீங்கில்லை என்றாலும், இரவில் கூடையில் துணி போர்த்தி விற்கப்படும் முட்டை எத்தனை நாழிகை இளஞ்சூட்டில் இருந்தது என்பதை எவரும் அறியார். தாஹோவும் அதே காரணத்தால் அவருக்கு விலக்கு. மற்றவர்கள் காலையில் முதல் சுற்றில் வாங்கிப் பருகலாம். விழுங்குவதில் இடர்ப்பாடு உள்ள முதியோருக்கு மட்டும் ஜவ்வரிசி முத்துகளைத் தவிர்த்துத் தரவும்.

அத்தாளில் நாங்கள் சிவப்பு மையில் எழுதியது வேறொன்று. தாவோ நகரம் பம்பளிமாஸ் பழத்திற்குப் பெயர் பெற்றது. சாலையோரம் உரித்து வைத்து விற்கப்படும் அப்பழம் கண்ணுக்கு எவ்விடரும் அற்றதாகவே தோன்றும். ஆனால் அது டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகள் உடலில் சிதையும் வழியை அடைத்து, குருதியில் மருந்தின் அளவை நச்சு நிலைக்கு உயர்த்திவிடக்கூடும். சில கொழுப்புக் குறைப்பு மாத்திரைகள், இரத்த அழுத்த மாத்திரைகள் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். உறுப்பு மாற்று செய்துகொண்டோர் நம் ஊர்ப் பம்பளிமாசையும் தவிர்க்க வேண்டும் என்பதை இங்கேயே சொல்லிவைக்கிறோம். அவர் சென்றார், நலமாகத் திரும்பினார். எடை மட்டும் ஒரு கிலோ கூடியிருந்தது.

சிறுநீரக நோயாளருக்குக் கணக்கு வேறு. இளநீரும் வாழையும் பொட்டாசியம் மிகுந்தவை. டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு இதயத் துடிப்பையே குலைக்கவல்லவை. துருவிய பனிக்கட்டியில் பயறும் பழமும் பாலும் கலந்த ‘ஹாலோ ஹாலோ’ அவர்களைக் காணொளியில் மிகவும் ஈர்ப்பதைக் கண்டிருக்கிறோம். தாகம் அத்தகையது. பனிக்கட்டியும் நீரே, அன்றைய நீர்க்கணக்கில் சேரும். யூரிக் அமிலம் உள்ளோர் குடல், ஈரல் முதலிய உறுப்பு இறைச்சிகளை நீக்க வேண்டும் என்பதை அந்தக் கப்பல் இளைஞருக்கு ஒரு முறைக்கு இருமுறை சொல்லியுள்ளோம். சிசிக்கோடு பியரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டா.

காணொளிகளைப் பற்றிச் சில சொற்கள். உணவு மறுக்கப்பட்டவர் உணவைப் பார்த்து மகிழ்வதில் தவறொன்றும் இல்லை; பசி மீள்கிறது என்பதற்கு அஃதோர் அடையாளமாகவும் இருக்கலாம். அவர்மேல் சினம் கொள்ளாதீர்கள் என்று உடனிருப்போரைக் கேட்டுக்கொள்கிறோம். எதைப் பார்க்கிறார் என்று கேட்டு எங்களிடம் சொன்னால், அச்சுவைக்கு நெருங்கிய ஒன்றை உணவியலாளரால் பல வேளைகளில் அமைத்துத் தர முடியும். மலைபோல் குவித்து ஒரே அமர்வில் உண்டு காட்டும் காணொளிகளை மட்டும் நாங்கள் வெறுக்கிறோம். 2024 ஜூனில் அவ்வாறு உண்டு காட்டிவந்த ஒருவர் பக்கவாதத்தால் இறந்ததையடுத்து, பிலிப்பைன்ஸ் நலவாழ்வுத் துறையே அப்பழக்கத்தைக் கடிந்து எச்சரித்தது. உணவகங்கள் எறிந்த எச்சிலைப் பொறுக்கிக் கழுவி மீண்டும் பொரித்து விற்கும் ‘பக்பக்’ என்பதையும் விந்தையான தெருவோர உணவாகக் காட்டுவோர் உள்ளனர். அதை உண்போருக்கு வேறு வழி இருந்திருந்தால் உண்ணமாட்டார்கள்.

பயணம் உறுதியானால் ஒரு மாதம் முன்னதாகவே எங்களைக் காண வாருங்கள். டைஃபாய்டு, மஞ்சட்காமாலை ஏ ஆகியவற்றுக்குத் தடுப்பூசிகள் உள்ளன. மஞ்சட்காமாலை ஏ தடுப்பூசியில் உயிர்ப்புள்ள வகை, செயலிழக்கச் செய்த வகை என இரண்டும் நம் நாட்டில் கிடைக்கின்றன; எதிர்ப்பாற்றல் குறைந்தோர் இரண்டாவதையே கேட்டுப் பெற வேண்டும். திரும்பி வந்தபின் காய்ச்சலோ, சோர்வோ, கண்ணில் மஞ்சளோ தோன்றினால், எங்கே சென்றீர்கள், என்ன உண்டீர்கள் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே கூறுங்கள். டைஃபாய்டு வெளிப்பட ஒன்று முதல் மூன்று வாரம் ஆகலாம். மஞ்சட்காமாலை ஏ 15 நாளிலும் வரலாம், 50 நாள் கழித்தும் வரலாம். அதற்குள் பயணமே மறந்துபோயிருக்கும். ஆகவே நீங்கள் திரும்பிய தேதியை உங்கள் மருத்துவக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.